கெக்கில் இஞ்சிபியர்: திறந்தால் நுரை மட்டும் வருவது ஏன்?

கேள்வி: ஐயா, கரவனெல்லவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருக்கிறோம். வளைகுடாவில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று நம் பக்கத்து விசேஷங்களுக்கு வீட்டு இஞ்சிபியர் செய்து கொடுக்கலாம் என்று 19 லீட்டர் கெக் ஒன்றும், கேஸ் சிலிண்டரும், ரெகுலேட்டரும் வாங்கினேன். இஞ்சி, சீனி, தேசிக்காய் போட்டுக் காய்ச்சி, வடிகட்டி, கெக்கில் ஊற்றி ஒரு இரவு பிரிட்ஜில் வைத்தேன். பிறகு 30 பிஎஸ்ஐ கேஸ் கொடுத்து நன்றாகக் குலுக்கி, அதே அழுத்தத்தில் இரண்டு நாள் விட்டேன். விசேஷத்தன்று ஓட்டோவில் ஏற்றி மண்டபத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பகலாகிவிட்டது. டெப்பைத் திறந்தால் கிளாஸ் முழுக்க நுரை. ரெகுலேட்டரை 5 பிஎஸ்ஐக்குக் குறைத்தேன். நுரை இன்னும் கூடியது. அடங்கிய பிறகு குடித்தால் கேஸே இல்லாத இஞ்சித் தண்ணீர். டெப்புக்கும் கெக்குக்கும் நடுவே ஹார்ட்வெயார் கடையில் வாங்கிய அரை அங்குல ஹோஸ் இரண்டடி போட்டிருக்கிறேன். ரெகுலேட்டர் பழுதா? வேறு வாங்க வேண்டுமா?

மெல்பர்னில் இருக்கும் என் மச்சான் வீட்டிலேயே பியர் காய்ச்சி இதே மாதிரிக் கெக்கில் வைத்திருக்கிறார். அவருக்கு முதல் கிளாஸ் மட்டும் நுரை, பிறகு சரியாக வருகிறதாம். அவருக்கு என்ன சொல்லலாம்? அவரைப் போல நாமும் இங்கே பியர் காய்ச்சலாமா?

— வாசகர், கரவனெல்ல

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். காய்ச்சக் கூடாது. இலங்கையில் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது, சொந்த வீட்டுக் குடிப்புக்கு என்றாலும் குற்றம். அவுஸ்திரேலியாவில் சொந்தப் பாவனைக்காக வீட்டில் பியர் காய்ச்ச இடமுண்டு. வடிசாராயத்துக்கு அங்கேயும் இல்லை. மச்சானுக்கு அங்கே பொருந்துவது உங்களுக்கு இங்கே பொருந்தாது. நீங்கள் செய்வது புளிக்க விடாத, கேஸ் மட்டும் ஏற்றிய இஞ்சிபியர். அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கக் கூடிய பானம் அது.

இனி நுரைக்கு வருவோம். உங்கள் ரெகுலேட்டரில் பழுது இல்லை. வேறு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். உங்கள் கெக்கில் மூன்று தவறுகள் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன: கேஸ் அளவுக்கு மேல் ஏறிவிட்டது, வழியில் கெக் சூடாகிவிட்டது, ஹோஸ் மிகவும் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கிறது. நான்காவதாக நீங்கள் ரெகுலேட்டரைக் குறைத்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

பள்ளிக்கூடத்தில் படித்த காபனீரொட்சைட்டுதான் நீங்கள் ஏற்றும் கேஸ். அது தண்ணீரில் எவ்வளவு கரையும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. ஒன்று அழுத்தம். அழுத்தம் இரண்டு மடங்கானால் கரையும் வாயுவும் இரண்டு மடங்காகும் என்பதை வில்லியம் ஹென்றி 1803இல் கண்டு சொன்னார். மற்றது குளிர். மேலதிக அழுத்தம் எதுவும் இல்லாமல், பூச்சியம் பாகை செல்சியஸில் ஒரு லீட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1.7 லீட்டர் வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 20 பாகையில் 0.9 லீட்டர் கூட நிற்காது. 30 பாகையில், அதாவது கரவனெல்லப் பகல் வெயிலில், 0.7 லீட்டருக்கும் குறைவு. அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் இந்த விகிதம் மாறாது. பானம் சூடாகச் சூடாக அதற்குள் இருக்கும் கேஸுக்கு இடம் போதாமல் போகிறது.

இந்தத் தொழிலில் கேஸின் அளவை ‘வொலியூம்’ என்று கணக்கிடுவார்கள். ஒரு லீட்டர் பானத்தில் இரண்டரை லீட்டர் வாயு கரைந்திருந்தால் அது இரண்டரை வொலியூம். சாதாரண பியருக்கு அதுதான் அளவு. இஞ்சிபியர் போன்ற மென்பானங்களுக்கு மூன்று, கொஞ்சம் கூடினால் மூன்றரை. உங்கள் கெக்கை இந்தக் கணக்கில் வைத்துப் பார்த்தேன். 4 பாகைக் குளிரில், 30 பிஎஸ்ஐயில் குலுக்கி இரண்டு நாள் விட்டால் ஏறக்குறைய நாலரை வொலியூம் ஏறும். வேண்டியதை விட ஒன்றரை மடங்கு. அந்தக் கெக் ஓட்டோவில் வெயிலில் வந்து 25 பாகைக்குச் சூடேறினால், உள்ளே இருக்கும் கேஸ் கரைந்தபடியே நிற்க 60 பிஎஸ்ஐக்கு மேல் அழுத்தம் வேண்டும். நீங்கள் ரெகுலேட்டரில் 5 என்று வைத்தாலும் கெக்குக்குள் இருந்தது அதைப் போல பத்து மடங்குக்கு மேல். அந்த நிலையில் டெப்பைத் திறந்தால் நுரையைத் தவிர வேறெதுவும் வராது.

பலர் தடுமாறுவது இங்கேதான். ரெகுலேட்டர் முள் கீழே இறங்கினால் பானத்தில் இருக்கும் கேஸும் இறங்கிவிட்டது என்று நினைக்கிறோம். ரெகுலேட்டர் செய்வது ஒன்றே ஒன்றுதான்: இனி உள்ளே போகும் கேஸைக் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே கரைந்ததை அது வெளியே எடுக்காது. கரைந்திருக்கும் கேஸுக்கு ஏற்ற அழுத்தம் மேலே இருக்கும் வரைக்கும்தான் அது அமைதியாகக் கரைந்திருக்கும். அழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஊற்றினால், டெப்புக்கு வரும் வழியிலேயே, ஹோஸுக்குள்ளேயே கேஸ் பிரியத் தொடங்குகிறது. நுரைக்குப் பயந்து அழுத்தத்தைக் குறைப்பவருக்கு இரண்டு இழப்பு: கிளாஸில் நுரை கூடும், அடுத்த நாள் பானம் சப்பென்று ஆகும். ஏற்றிய அழுத்தம் எதுவோ, ஊற்றும் அழுத்தமும் அதுவே இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் வேலையை ஹோஸிடம் விட வேண்டும்.

ஹோஸின் உள் அகலமும் நீளமும்தான் பானத்தின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பியர் டெப்புகளுக்கென்று விற்கும் மெல்லிய ஹோஸின் உள் அகலம் 3/16 அங்குலம், ஏறக்குறைய 4.8 மில்லிமீட்டர். பானம் அதில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ அழுத்தம் உரசலில் தேய்ந்துவிடும். கெக்கிலிருந்து 12 பிஎஸ்ஐயில் கிளம்பும் பியர், டெப்புக்கு வரும்போது வேகம் அடங்கி மெதுவாக விழுவது இதனால்தான். கணக்குப்படி ஆறடி போதும். அனுபவத்தில் பத்தடி போடுகிறவர்களுக்குத்தான் பானம் அமைதியாக வருகிறது. கால் அங்குல ஹோஸில் இந்தத் தேய்மானம் பாதிக்கும் கீழே. அரை அங்குலத்தில் இல்லை என்றே சொல்லலாம். உங்கள் இரண்டடி அரை அங்குல ஹோஸ் பானத்தைத் தடுக்கவே இல்லை. உள்ளே இருந்த அழுத்தம் முழுவதும் கிளாஸுக்குள் வந்து வெடித்திருக்கிறது. அதோடு, ஹார்ட்வெயார் கடையில் விற்கும் சாதாரண ஹோஸ் உணவுக்கு உரியது அல்ல. தேசிக்காய்ப் புளிப்பு பட்டால் அதன் வாடை பானத்தில் இறங்கும். உணவுத் தரமுள்ள ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள். இஞ்சிபியருக்கு அழுத்தம் கூட வேண்டியிருப்பதால் பத்தடி போதாது. 3/16 அங்குலத்தில் பதினாறு முதல் இருபதடி வரை வாங்கிச் சுருளாகக் கட்டி வையுங்கள். 300 மில்லிலீட்டர் கிளாஸ் நிறைய எட்டு, பத்து வினாடி எடுத்தால் நீளம் சரி. மூன்று வினாடியில் நிறைந்தால் ஹோஸ் போதாது. அரை நிமிடம் ஆனால் ஓரிரண்டு அடி வெட்டிக் குறைக்கலாம். நீளமாகத் தொடங்கி வெட்டுவது சுலபம்; வெட்டியதை ஒட்ட முடியாது.

இப்போது மீதி இருக்கும் கெக்கைக் காப்பாற்றும் வழி: சிலிண்டரின் வால்வை மூடி, கேஸ் இணைப்பைக் கழற்றுங்கள். கெக்கை பிரிட்ஜில் வைத்து நன்றாகக் குளிரவிடுங்கள். பிறகு மூடியில் இருக்கும் பாதுகாப்பு வால்வை மெதுவாக இழுத்து மேலே நிற்கும் கேஸை வெளியேற்றி மூடுங்கள். உடனே எல்லாம் போய்விடாது. கரைந்திருப்பது மெல்ல மெல்ல மேலே வந்து மறுபடியும் அழுத்தம் கூடும். மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படியே திறந்துவிட்டால் ஒரு நாள், இரண்டு நாளில் அளவுக்கு வந்துவிடும். நுரை வால்வு வழியாகப் பொங்கினால் அவசரப்பட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு இன்னும் குளிரவிடுங்கள்.

அடுத்த கெக்கைத் தொடக்கத்திலிருந்தே வேறு மாதிரிச் செய்யுங்கள். இஞ்சியைத் தட்டிக் காய்ச்சி ஆறவிட்டதும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். சல்லடை போதாது. இஞ்சி நாரின் சின்னத் துணுக்கு ஒவ்வொன்றிலும் கேஸ் குமிழியாகப் பிறக்கும். வடிகட்டியதை ஒரு பாத்திரத்தில் இரவு முழுக்க பிரிட்ஜில் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். இஞ்சியில் இருக்கும் மாச்சத்து அது. பாத்திரத்தைக் கலக்காமல் மேலே தெளிந்ததை மட்டும் கெக்கில் ஊற்றுங்கள். இந்த ஒரு இரவுப் பொறுமை நுரையைக் கண்கூடாகக் குறைக்கும்.

கெக்கை 4 பாகைக்குக் குளிர்வித்த பிறகுதான் கேஸ். 19 லீட்டரும் உள்வரை குளிர வீட்டு பிரிட்ஜுக்கு ஒரு முழு நாள் தேவைப்படும். குளிர்ந்ததும் 16, 17 பிஎஸ்ஐயில் வைத்து ஒரு வாரம், பத்து நாள் அப்படியே விடுங்கள். குலுக்க வேண்டாம். தானாக மூன்று வொலியூமுக்கு வந்து நின்றுவிடும், அதைத் தாண்டாது. அவசரம் என்றால் முதல் 24 மணி நேரம் 30 பிஎஸ்ஐ கொடுத்து, பிறகு இணைப்பைக் கழற்றி மேலே நிற்கும் கேஸை விட்டுவிட்டு, 16க்கு இறக்கி இன்னும் இரண்டு நாள் வையுங்கள். 30 பிஎஸ்ஐயும் குலுக்கலும் சேர்ந்தால் எவ்வளவு ஏறியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

விசேஷத்தன்று பிரிட்ஜில் இருந்த குளிர் மண்டபம் வரை கலையக் கூடாது. பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் கெக்கை நிறுத்தி, சுற்றிலும் கழுத்து வரை ஐஸ் போட்டு, கொஞ்சம் தண்ணீரும் ஊற்றுங்கள். ஐஸ் கட்டி மட்டும் என்றால் கெக்கை அங்கங்கேதான் தொடும். தண்ணீர் இருந்தால் சுற்றிலும் ஒரே குளிராக இருக்கும். ஹோஸ் சுருளையும் அதே ஐஸுக்குள் புதையுங்கள். ஓட்டோவில் ஏற்றும்போது ஈரச் சாக்கைச் சுற்றி, இடம் இருந்தால் ரெஜிபோம் பெட்டிக்குள் வையுங்கள். பாதைக் குலுக்கல் அடங்க, ஊற்றுவதற்கு முன் இரண்டு மணி நேரமாவது கெக் அசையாமல் நிற்கட்டும். காலை விசேஷத்துக்கு முந்திய இரவே கொண்டுபோய் வைப்பது நல்லது.

குளிர் இந்தத் தொழிலுக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு உங்கள் வீதியே சாட்சி. கரவனெல்லவிலிருந்து ஏ-7 வீதியில் கித்துல்கல, ஹட்டன் வழியாக ஏறினால் நுவரெலியா. சாமுவேல் பேக்கர் 1849இல் இலங்கையில் பியர் காய்ச்சத் தேர்ந்தெடுத்த இடம் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் குளிர் ஊர். இயந்திரக் குளிரூட்டல் கைக்கு வந்த பிறகே பெரிய பியர் ஆலை களனி கங்கையின் கீழ்ப்பகுதியில், வெக்கையான பியகமவில் இயங்க முடிந்தது. நம் நாட்டு இஞ்சிபியரை வீடு வீடாகக் கொண்டுபோன எலிபன்ட் ஹவுஸின் கதையும் 1866இல் கொழும்பில் ஒரு ஐஸ் கம்பனியாகத்தான் தொடங்குகிறது. கேஸ் ஏற்றிய பானத்துக்கு ஐஸ்தான் முதல். கேஸ் அதற்குப் பிறகு.

மச்சானின் விஷயம் வேறு. முதல் கிளாஸ் மட்டும் நுரை, பிறகு சரி என்றால் கெக்கில் குறை இல்லை. அவருடைய டெப்பும், பிரிட்ஜுக்கு வெளியே நிற்கும் ஹோஸும் சூடாக இருக்கின்றன. குளிர்ந்த பியர் சூடான உலோகத்தைத் தொட்டதும் கேஸ் பிரிகிறது. ஒரு கிளாஸ் போனதும் டெப் குளிர்ந்துவிடுகிறது, அடுத்தது சரியாக விழுகிறது. பிரிட்ஜுக்குள் இருக்கும் குளிர்காற்றை டெப் இருக்கும் தூணுக்குள் தள்ள ஒரு சின்ன மின்விசிறி வைக்கச் சொல்லுங்கள். அது முடியாவிட்டால் ஹோஸ் முழுவதையும் பிரிட்ஜுக்குள் சுருட்டி, டெப்பை பிரிட்ஜ் கதவிலேயே பொருத்தலாம். பியருக்கு 4 பாகையில் 11, 12 பிஎஸ்ஐ, பத்தடி ஹோஸ். இதில் அவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பியரில் பார்லியின் புரதமும் ஹொப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்து நுரையைக் கட்டி நிறுத்துகின்றன. அதனால் பியருக்கு மேலே இரண்டு விரல் நுரை நிற்பது அழகு, அதைக் குறையாக நினைக்க வேண்டாம். இஞ்சிபியரில் அந்தப் புரதம் இல்லாததால் நுரை சீக்கிரம் அடங்கும். அடங்கும்போது கேஸையும் கொண்டுபோய்விடும். உங்களுக்கு நுரை இழப்பு, அவருக்கு ஓரளவு நுரை தேவை.

எல்லாம் சரியாக இருந்தும் கெக்கின் முதல் கிளாஸ் தொடங்கிக் கடைசி வரை நுரையும் காற்றும் மாறி மாறித் துப்பினால், கெக்குக்குள் இறங்கும் நீளக் குழாயின் கழுத்தில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பாருங்கள். அது வெடித்திருந்தாலும் தவறியிருந்தாலும், மேலே நிற்கும் கேஸ் அந்த இடைவெளியால் பானத்தோடு கலந்து ஹோஸுக்குள் போகும். ஹோஸில் குமிழிகள் வரிசையாக ஓடுவது கண்ணுக்குத் தெரியும். சில ரூபாய் வளையத்துக்காக முழு ரெகுலேட்டரை மாற்றியவர்கள் உண்டு. இணைப்பின் உள்ளே இருக்கும் வால்விலும் இஞ்சி நார் அடைபடும். ஒவ்வொரு கெக் முடிந்ததும் கழற்றிச் சுடுதண்ணீரில் கழுவுங்கள்.

ஊற்றும் கைக்கும் ஒரு பழக்கம் வேண்டும். டெப்பை ஒரே இழுப்பில் முழுவதும் திறக்க வேண்டும். பயந்து பாதி திறந்தால் அந்தச் சின்ன இடுக்கில் பானம் சீறிக்கொண்டு நுரையாகத்தான் வரும். கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சரித்துப் பிடித்து, பக்கவாட்டில் விழ விட்டு, முக்கால் நிறைந்ததும் நிமிர்த்துங்கள். உலர்ந்த தூசிக் கிளாஸ் நுரையைக் கிளப்பும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. கேகாலைப் பக்கத்தில் கித்துல் கள் இறக்கிய சில மணி நேரத்திலேயே முட்டியில் நுரைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலும் மரத்திலும் இருக்கும் ஈஸ்ட் நம் வெக்கையில் அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. உங்கள் இஞ்சிபியரிலும் சீனி இருக்கிறது, இஞ்சித் தோலில் ஈஸ்டும் இருக்கிறது. காய்ச்சாத இஞ்சியை அதில் சேர்க்காதீர்கள். நிரப்பிய கெக்கைப் பிரிட்ஜுக்கு வெளியே நாள்கணக்கில் வைக்காதீர்கள். அது தானாகவே கேஸ் ஏறி, மெல்ல மதுவாகவும் மாறும். மீந்ததைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து யாருக்கும் கொடுத்தனுப்பவும் வேண்டாம். ஒரு லீட்டரில் 4 கிராம் சீனி புளித்தாலே ஒரு வொலியூம் கேஸ் உண்டாகும். இனிப்பான இஞ்சிபியரில் லீட்டருக்கு 100 கிராம் வரை சீனி இருக்கும். அதில் கால்வாசி புளித்தாலே கண்ணாடிப் போத்தல் வெடிக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது விளையாட்டல்ல.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்து, கட்டி வைத்தபடி இருக்க வேண்டும். ஓட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோகாதீர்கள். ரெகுலேட்டரைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். உள்ளே அழுத்தம் எண்ணூறு பிஎஸ்ஐக்கு மேல். வெயிலில் அது இன்னும் ஏறும். ரெகுலேட்டர் இல்லாமல் கெக்கை ஒருபோதும் இணைக்க வேண்டாம். காபனீரொட்சைட்டு காற்றை விடப் பாரமானது. ஜன்னல் இல்லாத சின்ன அறையில் கசிந்தால் தரையோடு தங்கி மூச்சை அடைக்கும். அதனால் கெக் இருக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். உணவுத் தரமுள்ள கேஸ் என்று கேட்டு நிரப்புங்கள். விற்பதற்கு முன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பி, கற்ற தொழிலை நம் மக்களின் விசேஷங்களுக்குப் பயன்படுத்த நினைத்தது நல்ல முயற்சி. பாதி வேலை ஏற்கெனவே சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். புதிதாக வாங்க வேண்டியது இருபதடி ஹோஸும், ஒரு ரப்பர் வளையமும், விசேஷத்தன்று வேண்டிய ஐஸும் மட்டுமே. அடுத்த முறை நுரை வந்தால் குளிரைப் பாருங்கள், பிறகு ஹோஸைப் பாருங்கள், பிறகு வளையத்தைப் பாருங்கள். ரெகுலேட்டரில் கை வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.